தோற்ற படைக்கும் ஜெயிக்க ஒரு வழி: வார்கேம் வடிவமைப்பில் வரலாறும் வெற்றி நிபந்தனையும்

ஒரு நிஜப்போரை மேசைமேல் ஆட்டமாக்க உட்காருபவர்கள் சீக்கிரமே ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். போரில் எந்தத் தளபதியும் சமபலத்தோடு மோத விரும்புவதில்லை. எதிரி தூங்கும்போது, இரு மடங்கு ஆட்களோடு அடிப்பதுதான் அவர் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு மணி நேரம் ஒதுக்கி எதிரெதிரே உட்காரும் இரண்டு பேருக்கும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு இருந்தாக வேண்டும்.

பலரும் இதற்குப் பிடிக்கும் குறுக்குவழி, பலவீனமான பக்கத்துக்கு நாலு டாங்கிப் பிரிவுகளைக் கூடக் கொடுப்பது. அப்படிச் செய்தால் ஆட்டம் சமமாகிவிடும், ஆனால் அது அந்தப் போராக இருக்காது. நான் பரிந்துரைக்கும் முறை வேறு. வரைபடம், படைகள், நேரம், சப்ளை எல்லாவற்றிலும் வரலாறு அப்படியே இருக்கட்டும். நியாயத்தை வெற்றி நிபந்தனையில் மட்டும் வையுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

பொதுவாகப் பேசினால் புரியாது என்பதால் ஒரே போரை எடுத்துக்கொள்வோம்: 1944 டிசம்பர் 16 அன்று பெல்ஜியம், லக்ஸம்பர்க் எல்லையில் உள்ள ஆர்டென் காட்டுப் பகுதியில் மேற்கு முனையில் ஜெர்மனி தொடங்கிய கடைசிப் பெரும் தாக்குதல். வார்கேம் ஆடுபவர்களுக்கு இது பழகிய களம். மியூஸ் ஆற்றைத் தாண்டி ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடிப்பது ஹிட்லரின் திட்டம். தளபதிகள் ருண்ட்ஷ்டெட்டும் மோடலும் இது நடக்காது என்று நினைத்து, இதைவிடச் சிறிய இலக்கு ஒன்றை முன்வைத்தார்கள். ஹிட்லர் ஏற்கவில்லை. ஆக, ஜெர்மன் தரப்பில் உட்காரும் ஆட்டக்காரர் கையில் கொடுக்கப்படுவது, அந்தப் படையின் தளபதிகளே நம்பாத ஒரு திட்டம். "ஆன்ட்வெர்ப்பைப் பிடித்தால் ஜெர்மனி வெற்றி" என்று விதிப்புத்தகத்தில் எழுதினால் முதல் பகடையை உருட்டும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும்.

படி 1: எல்லையை முதலில் போடுங்கள்

எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிக்கிறோம், ஒரு சுற்று என்பது எவ்வளவு நேரம், ஒரு கவுன்ட்டர் (வரைபடத்தில் நகர்த்தும் படைச் சில்லு) எவ்வளவு பெரிய படை? இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் வெற்றி நிபந்தனையைத் தொடாதீர்கள்.

நமது எடுத்துக்காட்டுக்கு ஒரு சுற்று ஒரு நாள், வரைபடத்தில் ஒரு கட்டம் 5 கி.மீ., ஒரு கவுன்ட்டர் ஒரு ரெஜிமென்ட் (டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவின் ஒரு பகுதி) அல்லது அதே அளவுள்ள ஜெர்மன் தாக்குதல் குழு. டிசம்பர் 16 முதல் 27 வரை 12 சுற்றுகள். ஏன் 27? ஜெர்மன் முன்னேற்றம் 24-ஆம் தேதி உச்சத்தைத் தொட்டது. 26-ஆம் தேதி அமெரிக்கத் தளபதி பேட்டனின் டாங்கிகள், ஜெர்மானியர் சூழ்ந்திருந்த பாஸ்டோன் நகரின் முற்றுகையை உடைத்து உள்ளே நுழைந்தன. அதன் பிறகு ஜனவரி கடைசி வரை நடந்தது, அமெரிக்கர்கள் இழந்த நிலத்தை மெல்ல மெல்ல மீட்டது. வரலாற்றுக்கு அதுவும் முக்கியம்தான், அதில் செத்தவர்கள் ஏராளம். ஆனால் ஜெர்மன் ஆட்டக்காரரை ஒரு மாதம் பின்வாங்க மட்டும் வைப்பது நல்ல மாலைப்பொழுது ஆகாது. எங்கே நிறுத்துகிறோம் என்பதே பாதி வெற்றி நிபந்தனை.

படி 2: முடியாததையும் செய்யாததையும் பிரியுங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், அன்றைய படைகளால் செய்யவே முடியாதவை. மறுபக்கம், செய்திருக்க முடியும் என்றாலும் தளபதி வேறு முடிவு எடுத்ததால் நடக்காதவை. முதல் பக்கத்தில் இருப்பது விதியாகும். இரண்டாம் பக்கத்தில் இருப்பது ஆட்டக்காரரின் உரிமை.

எரிபொருள் முதல் பக்கம். ஜெர்மனியிடம் எரிபொருள் அறவே இல்லை என்பதல்ல, ரைன் ஆற்றுக்குக் கிழக்கே இருந்ததை முன்களத்துக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. சாலைகளும் முதல் பக்கம்தான். ஆர்டெனில் குறுகலான மலைப்பாதைகள், அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக டிவிஷன்கள், நெரிசல். இதைத் தனி விதியாக நீட்டி முழக்க வேண்டாம். ஒரு சாலைக் கட்டத்தில் ஒரு சுற்றுக்கு இத்தனை கவுன்ட்டர்தான் கடக்கலாம் என்று ஒரே வரி போதும், நெரிசல் தானாக வரும்.

அமெரிக்க 101-வது வான்வழி டிவிஷன் பிரான்ஸில் ரீம்ஸ் நகரப் பக்கம் ஓய்வில் இருந்தது. 17-ஆம் தேதி மாலை உத்தரவு வந்தது, லாரிகளில் ஏறி 19-ஆம் தேதி அதிகாலை பாஸ்டோனில் நின்றார்கள். அதைவிடச் சீக்கிரம் வர முடியாது. எனவே வரும் நாள் விதியாகட்டும். எங்கே அனுப்புவது என்பதை மட்டும் ஆட்டக்காரரிடம் விடுங்கள். அவர் அதை பாஸ்டோனுக்குப் பதிலாக வடக்கே அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகத்தானே இந்த ஆட்டத்தையே ஆடுகிறோம்?

சில விஷயங்கள் நடுக்கோட்டில் உட்காரும். ஹிட்லர் முக்கியத் தாக்குதலை வடக்கே டீட்ரிக்கின் 6-வது பான்சர் (டாங்கி) படைக்குக் கொடுத்தார். ஆனால் நன்றாக முன்னேறியது நடுவில் மான்டாய்ஃபலின் 5-வது பான்சர் படை. இது தெரிந்த ஜெர்மன் ஆட்டக்காரர் முதல் நாளே எல்லா டாங்கிகளையும் நடுப்பக்கம் திருப்புவார். அன்று எந்தத் தளபதியாலும் அப்படிச் செய்துவிட்டுப் பதவியில் நீடித்திருக்க முடியாது. முழுத் தடை போட்டால் ஆட்டக்காரர் கைதி ஆகிவிடுவார், முழுச் சுதந்திரம் கொடுத்தால் வரலாறு காணாமல் போகும். நான் விலை வைப்பேன்: முதல் மூன்று சுற்றுகளில் ஒரு படையின் எல்லையைத் தாண்டி டிவிஷனை நகர்த்தினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றிப் புள்ளி கழியும், நான்காம் சுற்றிலிருந்து இலவசம். தலைமையகத்தின் கோபத்தை இதைவிட எளிதாக ஒரு விதியில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

படி 3: பின்னறிவை அடக்குங்கள்

வரலாற்று ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் படைபலக் கணக்கில் உள்ள பிழை அல்ல, ஆட்டக்காரர்கள் புத்தகம் படித்துவிட்டு வருவதுதான். டிசம்பர் 16 காலை அமெரிக்கத் தளபதிகள் இதை எதிர்பார்க்கவில்லை. உங்கள் மேசையில் அமெரிக்கத் தரப்பில் இருப்பவருக்கோ எல்லாம் மனப்பாடம்.

இதற்கு மூன்று கருவிகள் உண்டு. ஒன்று, தொடக்க நிலையை வரலாற்றுப்படியே பூட்டுவது. புதிதாக வந்த, அனுபவமில்லாத 106-வது டிவிஷன் ஷ்னீ ஐஃபல் மேட்டில் நீட்டிப் பரத்தப்பட்டிருந்தது. அதை ஆட்டக்காரர் பின்னால் இழுக்க விடக்கூடாது. முதல் சுற்றில் தாக்கப்பட்ட அமெரிக்கப் பிரிவுகள் மட்டுமே நகரலாம் என்று வைத்தால் அதிர்ச்சி உண்மையாகிவிடும்.

இரண்டு, தெரிந்ததைத் தெரியாததாக்குவது. ஸ்டாவலோ அருகே அமெரிக்கர்களின் பெரிய எரிபொருள் கிடங்கு இருந்தது. பைபர் என்ற அதிகாரியின் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் படை) டாங்கிக் குழு அதன் பக்கமாகவே போயும் அதைப் பிடிக்கவில்லை. அந்த இடத்தை வரைபடத்தில் அச்சடித்தால் முதல் ஆட்டத்திலேயே ஜெர்மன் ஆட்டக்காரர் நேராக அங்கே போய் நிற்பார். ஆறு கிடங்குக் கவுன்ட்டர்களைக் கவிழ்த்து வையுங்கள், அதில் நான்கு வெறும் போலி. தேடிப் போகலாமா, நேரத்தை வீணாக்காமல் ஆற்றைப் பார்த்து ஓடலாமா என்ற அன்றைய தவிப்பு திரும்ப வரும்.

மூன்று, நிச்சயமாக நடந்ததை வாய்ப்பாக்குவது. மேகமூட்டம் அமெரிக்க விமானங்களைத் தரையில் கட்டிப்போட்டது, 23-ஆம் தேதி வானம் தெளிந்தது. தேதியைக் கல்லில் செதுக்கினால் ஜெர்மன் ஆட்டக்காரர் 22 இரவு வரை பகலிலும் தாராளமாக ஓடி, 23 காலை மரத்தடியில் ஒளிந்துகொள்வார். எனவே 21-ஆம் தேதியிலிருந்து பகடை: முதல் நாள் 6 விழுந்தால் வானம் தெளியும், மறுநாள் 5 அல்லது 6, அதற்கடுத்த நாள் 4 முதல், இப்படி. சராசரி வரலாற்றின் பக்கத்தில்தான் விழும், ஆனால் யாரும் அதைக் கணக்குப்போட்டுத் தூங்க முடியாது.

மூன்றில் எதையும் அளவு மீறிப் போடாதீர்கள். சிறப்பு விதி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மறக்கப்போகும் விதி.

படி 4: புள்ளிப் பட்டியல்

இனிதான் நியாயம். டெஸ்ட் மேட்சில் நானூறு ரன் பின்தங்கிய அணி கடைசி நாள் முழுக்க விக்கெட்டைக் காப்பாற்றி டிரா செய்தால் அரங்கமே எழுந்து கைதட்டும். போரில் தோற்கும் பக்கத்துக்கும் அதே மாதிரி, தன் நிலைமைக்கு ஏற்ற ஒரு இலக்கு வேண்டும்.

ஆன்ட்வெர்ப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், அது வரைபடத்திலேயே இல்லை. ஜெர்மனிக்கு நான் வைக்கும் புள்ளிகள் இவை:

- பாஸ்டோன் ஆட்ட முடிவில் கையில் இருந்தால் 4
- செயின்ட் வித் 3. டிசம்பர் 21-க்கு முன் பிடித்தால் முந்தும் ஒவ்வொரு நாளுக்கும் கூடுதலாக 1
- வடக்கே உள்ள எல்சன்போர்ன் மேடு 3
- மியூஸைத் தாண்டி, சப்ளைப் பாதையோடு இரண்டு சுற்று நின்ற ஒவ்வொரு டிவிஷனுக்கும் 5
- அழிந்த ஒவ்வொரு அமெரிக்க ரெஜிமென்ட்டுக்கும் 1. அழிந்த ஒவ்வொரு ஜெர்மன் தாக்குதல் குழுவுக்கும் கழித்தல் 1

சாலைச் சந்திப்புகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். பாஸ்டோனிலும் செயின்ட் வித்திலும்தான் எல்லாப் பாதைகளும் சேர்கின்றன. செயின்ட் வித் இரண்டாம் நாளே விழ வேண்டும் என்பது ஜெர்மன் திட்டம், விழுந்தது 21 இரவு. அந்த நாட்கள்தான் அமெரிக்கர்கள் வாங்கிய காலம், அதனால் நாளுக்கு ஒரு புள்ளி.

"இரண்டு சுற்று, சப்ளையோடு" என்ற வாலைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் ஜெர்மன் ஆட்டக்காரர் எல்லா டாங்கிகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றுக்குள் தள்ளுவார். நாளை என்று ஒன்று இல்லாத படைதான் அப்படி நகரும். நிஜத்தில் 2-வது பான்சர் டிவிஷனின் முன்னணி 24-ஆம் தேதி டினானுக்குப் பக்கத்தில் செல் கிராமத்தில், ஆற்றுக்கு 9 கி.மீ. முன்னால், எரிபொருள் இல்லாமல் நின்றுபோனது. அடுத்த இரண்டு நாளில் அமெரிக்க 2-வது கவச டிவிஷன் அதை நொறுக்கியது. வெறுமனே எட்டிப்பிடித்ததற்குப் புள்ளி கொடுத்தால் அந்தத் தோல்விக்கே பரிசு கொடுத்த மாதிரி.

இந்தப் பட்டியலில் நடந்த வரலாற்றைப் போட்டுப் பாருங்கள். செயின்ட் வித் 3. ஷ்னீ ஐஃபலில் 19-ஆம் தேதி சரணடைந்த 106-வது டிவிஷனின் இரண்டு ரெஜிமென்ட்கள் 2. 28-வது டிவிஷனின் 110-வது ரெஜிமென்ட் 1. கழித்தல் பக்கம்: லா க்ளேஸில் சிக்கி, வண்டிகளை விட்டுவிட்டு நடந்தே தப்பிய பைபரின் குழு 1, செல்லில் அழிந்த குழு 1. பாஸ்டோன், எல்சன்போர்ன், மியூஸ் மூன்றும் பூஜ்யம். மொத்தம் 4.

படி 5: நாலு புள்ளியை வெற்றிக் கோடு ஆக்காதீர்கள்

"வரலாற்றில் 4, ஆகவே 5 எடுத்தால் ஜெர்மனி வெற்றி" என்பது பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல ஆட்டங்கள் இப்படித்தான் வருகின்றன. நான் இதை ஏற்பதில்லை. நடந்தது என்பது நடந்திருக்கக்கூடிய பலவற்றில் ஒன்று. அது நடுவில் விழுந்த முடிவா, ஓரத்தில் விழுந்ததா என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.

1940-இல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் சிக்கிய பிரிட்டிஷ், நேச நாட்டுப் படைகளைக் கடல்வழியே மீட்டதைப் பாருங்கள். தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை இரண்டு நாளில் ஏறக்குறைய 45,000 பேரை மீட்கலாம் என்று எதிர்பார்த்தது. மே 26 முதல் ஜூன் 4 வரை மீண்டவர்கள் 3,38,000-க்கும் மேல். இந்த எண்ணை வெற்றிக் கோடாக வைத்தால் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் அந்த அதிசயத்தையே திரும்ப நிகழ்த்தியாக வேண்டும். 45,000-ஐ வைத்தால் ஜெர்மன் ஆட்டக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம்.

சரி, அப்போது கோட்டை எங்கே போடுவது? ஏறக்குறைய சமத் திறமை உள்ளவர்கள் ஆடி, பல ஆட்டங்களின் முடிவுப் புள்ளிகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணில். ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆட்டங்களில் 1, 3, 4, 4, 5, 6, 6, 7, 8, 8, 9, 10, 11, 13, 16 வந்தால் நடு எண் 7. ஆக 8-க்கு மேல் ஜெர்மனி, 6-க்குக் கீழ் அமெரிக்கா, 7 டிரா (8-உம் 6-உம் அந்தந்தப் பக்கத்தோடு சேர்த்தி). ஏழு வெற்றி, ஏழு தோல்வி, ஒரு டிரா.

வரலாற்றின் 4-க்கு இதில் வேறு வேலை. அது துல்லியத்தின் சோதனை. அந்த எண் உங்கள் பட்டியலுக்குள் எங்காவது இயல்பாக விழ வேண்டும். மேலே உள்ள பட்டியலில் அது கீழ்ப்பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறது, நல்லது. பட்டியல் 9-இல் தொடங்கி 20-க்குப் போனால் ஆட்டம் பொய் சொல்கிறது: எரிபொருள் தாராளமாக இருக்கலாம், அமெரிக்க உதவிப்படை தாமதமாக வரலாம், எல்சன்போர்ன் மேட்டைப் பிடிப்பது மிக எளிதாக இருக்கலாம். அப்போது திருத்த வேண்டியது படி 2-உம் 3-உம். வெற்றிக் கோட்டை 14-க்கு ஏற்றி ஒட்டுப்போட்டால் ஆட்டம் சமமாகும், பொய் அப்படியே இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. வரலாறு பட்டியலுக்குள் சரியாக விழுகிறது, ஆனால் ஒரு பக்கமே ஜெயிக்கிறது என்றால் படைகளைத் தொடாதீர்கள். கோட்டை மட்டும் நகர்த்துங்கள்.

படி 6: சோதனை ஆட்டங்கள்

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முடிவுப் புள்ளியோடு, எந்த நாளில் எந்த ஊர் விழுந்தது என்பதையும் எழுதுங்கள். ஒரே ஜோடி பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடட்டும், அப்போதுதான் திறமை வேறு, பக்கத்தின் பலம் வேறு என்று பிரியும். நீங்கள் அருகில் இல்லாமல் விதிப்புத்தகத்தை மட்டும் வைத்து ஆடும் ஒரு குழுவும் கட்டாயம் வேண்டும்.

கொஞ்சம் ஆட்டங்களைப் பார்த்துப் பதறாதீர்கள். இருபது ஆட்டத்தில் 13-7 என்று வந்தால் உடனே விதியை மாற்றக் கை பரபரக்கும். நாணயத்தை இருபது முறை சுண்டினாலே ஏதோ ஒரு பக்கம் பதின்மூன்றோ அதற்கு மேலோ விழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதனால்தான் ஜெயித்தவர் யார் என்பதைவிட முடிவுப் புள்ளியைப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே ஆட்டத்திலிருந்து அது அதிகம் சொல்லும்.

பிடிக்காத முடிவு வந்தால் அதை அழிக்கும் சபலமும் வரும். 1942 மே மாதம், பசிபிக் தீவான மிட்வேயின் மீதான தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை நடத்திய மேசை ஆட்டத்தில் பகடை இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்தது. நடுவராக இருந்த கடற்படை அதிகாரி உகாகி ஒன்பது குண்டு விழுந்ததை மூன்றாகக் குறைத்துத் தீர்ப்பு சொன்னார், ஒரு கப்பல் தப்பியது. அதுவரையிலான குண்டுவீச்சு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் திருத்தம் அவ்வளவு அபத்தமில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. இருந்தாலும் ஜூனில் நிஜமாகவே ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. உங்கள் ஆட்டத்தில் பைபர் குழு இரண்டாம் நாளே மியூஸில் நின்றால், அந்த முடிவைத் தாளிலிருந்து அடிக்காமல் எந்தப் பாலம், எந்த விதி அவரை விட்டது என்று தேடுங்கள். 18-ஆம் தேதி ட்ருவா-போனில் அமெரிக்கப் பொறியாளர்கள் பாலங்களைத் தகர்த்துதான் அவரை நிறுத்தினார்கள். பாலத் தகர்ப்பு விதி உங்கள் ஆட்டத்தில் இருக்கிறதா?

இருக்க வேண்டும், இன்னொரு காரணத்துக்காகவும். முதல் நான்கு சுற்றுகள் அமெரிக்க ஆட்டக்காரர் அடிவாங்கிக்கொண்டே இருப்பார். வெற்றி வாய்ப்பு சரிபாதி என்றாலும் அந்த ஒன்றரை மணி நேரம் அவருக்குச் செய்ய ஏதாவது வேண்டும்: எந்தப் பாலத்தைத் தகர்ப்பது, எந்த ரெஜிமென்ட்டைப் பலிகொடுத்து எந்தச் சந்திப்பைக் காப்பது.

படி 7: எதற்குப் புள்ளி கொடுக்க மாட்டீர்கள்?

17-ஆம் தேதி மால்மெடி அருகே பைபரின் ஆட்கள் சரணடைந்த 84 அமெரிக்கக் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். "எதிரியை அழித்தால் புள்ளி" என்ற விதியைக் கவனமில்லாமல் எழுதினால் இப்படிப்பட்ட செயலுக்கும் அது சன்மானம் கொடுத்துவிடும். சரணடைந்த பிரிவுக்கும் அழிந்த பிரிவுக்கும் ஒரே மதிப்பு வையுங்கள். பைபரின் கவுன்ட்டருக்கு வீரப் பட்டமோ அழகான படமோ கொடுக்காதீர்கள். வடிவமைப்புக் குறிப்பில் நடந்ததை இரண்டு வரியில் நேராக எழுதுங்கள்.

படி 8: வெளியிட்ட பிறகும் கோடு நகரும்

எவ்வளவு சோதித்தாலும் நூறு பேர் ஆடும்போது யாராவது ஒரு திறப்பு நகர்வைக் கண்டுபிடிப்பார்கள், சமநிலை சாயும். அதற்கு விதிப்புத்தகத்திலேயே ஒரு வழி வையுங்கள்: ஏலம். ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் "ஜெர்மனியை நான் எடுத்துக்கொள்கிறேன், என் வெற்றிக் கோடு இவ்வளவு" என்று மாறி மாறி ஏற்றிக் கேட்கிறார்கள். ஒருவர் 8 என்பார், மற்றவர் 9, பிறகு 10. யார் நிறுத்துகிறாரோ அவருக்கு அமெரிக்கா. புதியவர்கள் அச்சிட்ட கோட்டிலேயே ஆடலாம், தேர்ந்தவர்கள் தங்களுக்கான கோட்டைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். ஒரு கவுன்ட்டரின் பலம்கூட மாறாது. ஏல எண்களைச் சேகரித்து வைத்தால் அடுத்த பதிப்பில் அச்சிட வேண்டிய எண் தானாகக் கிடைக்கும்.